ஞாயிறு நாலரையிலிருந்து ஆறு

ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகு நான் ஏன் இறங்கினேன்? ஏழு மாதமாகியும் பதில் தெரியவில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. ஒன்றரை வயது மகளுக்குக் காலையிலிருந்தே காய்ச்சல். மருந்து கொடுத்தும் இறங்கவில்லை. மாலையில் நூற்று மூன்று டிகிரி. கணவர் கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் ஷிப்டில் இருந்தார். உள்ளே செல்போன் கொண்டுபோக முடியாது. திருப்போரூரில் எங்கள் வீட்டு வாசலுக்கு ஆட்டோவை வரவழைத்து, குழந்தையைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஏறிவிட்டேன். மாமியார் கேட்டருகே வந்து நின்றார்.

“மணி நாலு நாப்பது. ராகு காலத்துல கொயந்தைய தூக்கினு எங்க போற?”

“காய்ச்சல் ஏறிக்கிட்டே இருக்கு அத்தை.”

“ஆறு மணிக்கு மேல போ. அதுக்குள்ள இன்னா ஆயிடப் போவுது? எறங்கு.”

ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். “யம்மா, டாக்டரு இன்னா காலண்டர் பாத்துகினா ஊசி போட்றாரு?”

“நீ வண்டி ஓட்ற வேலைய பாரு.”

“ஓட்டத்தான் வந்துகீறேன். நீ எங்க ஓட்ட வுட்ற?”

நான் இறங்கினேன். முதுகலைப் பட்டம் வாங்கியவள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.

கூடத்தில் குழந்தையை மடியில் போட்டு ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தேன். இதே மாமியார் போன வருடம் கோயில் சுற்றுலா போனபோது, பஸ் ராகு காலத்தில்தான் கிளம்பியது. அதற்கு முன்பே தன் பையை எதிர்வீட்டில் கொண்டுபோய் வைத்தார். பை நல்ல நேரத்தில் வீட்டை விட்டுப் போய்விட்டால் ஆளும் கிளம்பியதாகக் கணக்காம். தனக்கென்றால் ராகுவையே ஏமாற்றத் தெரிகிறது. காய்ச்சல் சொல்லிவிட்டா வருகிறது, என் மகளின் பால் புட்டியை முன்கூட்டியே எதிர்வீட்டில் வைக்க?

ஐந்தே காலுக்குக் குழந்தையின் கண்கள் மேலே செருகின. கைகால் விறைத்து வெட்டி வெட்டி இழுத்தன. தூக்கிக்கொண்டு செருப்பில்லாமல் ஓடினேன். ஆட்டோக்காரர் போகாமல் தெருமுனை டீக்கடையில் நின்றிருந்தார். ஒன்றும் கேட்காமல் வண்டியை எடுத்தார்.

காய்ச்சலால் வந்த வலிப்பு, இப்போது பயமில்லை, ஆனால் மறுபடியும் வரலாம் என்றார் மருத்துவர். ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டதற்கு, ஆட்டோ கிடைக்கவில்லை என்றேன். ஆட்டோக்காரர் வெளியேதான் நின்றுகொண்டிருந்தார். சீக்கிரம் வந்திருந்தாலும் வலிப்பு வந்திருக்கலாம் என்று மருத்துவர் சொன்னதை நான் முழுதாக நம்பவில்லை. நம்பாமலும் இருக்க முடியவில்லை.

மூன்றாம் நாள் மாமியார் மதுராந்தகத்திலுள்ள தன் மகளுக்குப் போனில் சொன்னார்: “சொல்லச் சொல்ல கேக்காம ராகு காலத்துல தூக்கினு போனா. போற வழியிலயே இழுத்துகிச்சு.”

வலிப்பு வந்தது அவர் கண்ணெதிரே, எங்கள் கூடத்தில். இப்போது உறவு முழுக்க அவர் சொன்னதுதான் உண்மை. விசேஷ வீடுகளில் என்னைப் பார்த்து உச்சுக்கொட்டுகிறார்கள். திருத்தப் போனால், இறங்கி உட்கார்ந்ததை நானே சொல்ல வேண்டும். வாயைத் திறக்காமல் அவருக்குக் காபி போட்டுக் கொடுக்கிறேன். அவர் டம்ளரை வைக்கும் சத்தம்கூட எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த மாதம் வேலைக்குத் திரும்புகிறேன். பகலில் குழந்தை அவரிடம்தான் இருப்பாள். அஷ்டமி, நவமி, எமகண்டம் என்று வாரத்தில் அவர் வீட்டை விட்டுக் கிளம்பும் நேரமே குறைவு. காய்ச்சல் வந்தால் மணி பார்க்காமல் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? பொறுமையாகச் சொல்லு என்கிறார் கணவர்; தன் அம்மாவிடம் அவரே சொல்ல மாட்டார். வேலையை விட்டுவிடலாமா என்றும் யோசிக்கிறேன். இப்படி ஒரு மாமியாரை மாற்ற முடிந்தவர்கள் இருந்தால், முதலில் என்ன சொன்னீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.