பஸ் தரிப்பிடத்தில் என் முகம்

1. தாடை

முதல் நாள் ஸ்டூடியோவில் நான் சிரித்த சிரிப்பைப் பார்த்துவிட்டு, போட்டோகிராபர் டானியல் கமராவை இறக்கி வைத்துவிட்டார். குழந்தைகள் காப்பக வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, விளம்பரப் படங்களுக்கு மொடலாகப் போகத் தொடங்கியிருந்தேன். நடுத்தர வயது ஆசிய முகத்துக்குச் சிட்னியில் தேவை இருந்தது.

பிறகு அவரே சொல்லித்தந்தார்: கண்ணை மூடியிருந்து, அவர் சொல்லும்போது திறந்து, மூச்சை விட்டபடி சிரிக்க வேண்டும். தாடையை முன்னே நீட்டிச் சற்றுக் கீழே இறக்க வேண்டும். கண்ணாடியில் பார்த்தால் ஆமை மாதிரி இருக்கும். ஆனால் படத்தில் கழுத்துச் சுருக்கம் தெரியாது. வீட்டில் பழகினேன். என் கணவர் சிவநேசன் பார்த்துப் பார்த்துச் சிரிப்பார்.

2. பயம்

ஒருநாள் ஏஜென்சி என்னை ஒரு ‘ஹெல்த் கேம்பெய்ன்’ ஷூட்டுக்கு அனுப்பியது. பயந்த முகம் வேண்டுமாம். புருவத்தைச் சுருக்கினால் நாடகமாகிவிடும் என்றார் டானியல். வாயை இறுக்காமல் பல்லை மட்டும் கடித்தேன். பார்வையைக் கமராவுக்குப் பக்கத்தில், அங்கே யாரோ கதவைத் திறப்பது போல வைத்தேன்.

“தட்ஸ் இட்!” என்று கத்தினார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. படம் எங்கே வரும் என்று கேட்கவே தோன்றவில்லை.

3. போஸ்டர்

எங்கள் பகுதியான டூங்கபியின் ரயில் ஸ்டேஷனுக்குப் பக்கத்து பஸ் தரிப்பிடத்தில் அதை முதலில் பார்த்தவர் சிவநேசன்தான். ஆளுயரத்துக்கு என் முகம். கீழே, ‘வீட்டில் பயந்து வாழ்கிறீர்களா?’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரியும் உதவி எண்ணும்.

“நான் உன்னை அடிக்கிற மாதிரியெல்லோ கிடக்கு,” என்றார். 

கோயிலில் ஒரு பெரியவர் அவரைத் தனியே கூப்பிட்டு, “தம்பி, கோபத்தைக் கொஞ்சம் அடக்கும்,” என்றாராம். அதன்பின் சிவநேசன் கோயிலுக்கு வரவில்லை. நான் போனால் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு, என் கைகளில் காயம் தேடினார்கள். வெட்கத்தில் எனக்கு உடம்பு கூசியது.

4. கன்ரீன்

ஒரு வெள்ளிக்கிழமை, கோயில் உணவுச்சாலையான கன்ரீனில் தமிழ்நாட்டுப் பெண் ஒருத்தி குழந்தையோடு என்னிடம் வந்தாள்.

“ஆன்ட்டி, அந்த போஸ்டர்ல இருக்கறது நீங்கதானே? நீங்க எப்படி வெளிய வந்தீங்க?”

“ஐயோ பிள்ளை, அது சும்மா நடிப்பு! அவர் என்னை ஒரு சொல் அதட்டினதில்லை!”

பக்கத்து மேசைகளுக்கும் கேட்கட்டும் என்று உரக்கச் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் அவள் கேட்டது என்ன என்று உறைத்தது.

“ஓ, சாரி ஆன்ட்டி,” என்று அவள் சிரித்தாள். நான் ஸ்டூடியோவில் செய்துகாட்டிய பயம் எதுவும் அந்த முகத்தில் இல்லை. யாரும் சந்தேகப்பட முடியாத, நல்ல சிரிப்பு. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்துவிட்டாள்.

செருப்புக்கூடப் போடாமல் கார் நிறுத்துமிடத்துக்கு ஓடினேன்.

“பிள்ளை, நில்லுங்கோ. அந்த நம்பருக்கு அடிச்சுப் பாப்பமா?”

“அந்த பஸ் ஸ்டாப்ல நின்னு நம்பர எழுத பயமா இருக்கு. யாராவது பாத்துட்டா? நீங்க சொல்லுங்க.”

எனக்குத் தெரியாது. என் முகத்துக்குக் கீழே இருந்த எண்ணை நான் ஒரு தடவைகூட வாசித்ததில்லை. அவளுக்கு முன்னால் தலைகுனிந்து நின்றதுதான் இந்தத் தொழிலில் நான் பட்ட பெரிய வெட்கம்.

இருவரையும் காரில் ஏற்றிப் பஸ் தரிப்பிடத்துக்குப் போனேன். நான் இறங்கி எண்ணை உரக்க வாசித்தேன். அவள் காருக்குள் இருந்தபடியே அழைத்தாள். பேசி முடியும்வரை குழந்தையை வைத்திருந்தேன். இப்போது அவள் வேறு ஊரில், அக்காவோடு இருக்கிறாள்.

அன்றைக்கு வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன்.  அடுத்த வெள்ளி சிவநேசன் தானாகவே கோயிலுக்கு வெளிக்கிட்டார். “அந்தப் பெரியவருக்கு விளக்கம் சொல்லப்போறீங்களோ?” என்று கேட்டேன். “தேவையில்லை. படம் கிடக்கட்டும்,” என்றார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு: போஸ், எக்ஸ்பிரெஷன் எல்லாம் பழகப் பழக வந்துவிடும். ஆனால் படத்துக்குக் கீழே என்ன எழுதப்போகிறார்கள் என்று ஷூட்டுக்கு முன்பே கேளுங்கள். கேட்டதை மனப்பாடம் செய்யுங்கள். உங்கள் முகத்தை நம்பி ஒருவர் வந்து கேட்கும்போது, அது நடிப்பு என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடக் கூடாது.