துணி துவைக்கும் அறையில் ஞாயிற்றுக்கிழமைகள்

நான் சொன்ன முதல் பொய் மழையைப் பற்றியது. பள்ளி விடுதியின் அடித்தளத்தில், துணி துவைக்கும் அறையில் உட்கார்ந்து நைனாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். பின்னால் இரண்டு மெஷின்கள் சுற்றிக்கொண்டிருந்தன. "இன்னாடா சத்தம், மழையா?" என்றார். "ஆமா நைனா, செம மழை" என்றேன். மெஷின் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளை அங்கே ஏன் உட்கார்ந்திருக்கிறான் என்று அடுத்த கேள்வி வரும். அந்தக் கட்டடத்தில் சூடாகவும் ஆளில்லாமலும் இருந்த ஒரே இடம் அதுதான் என்று சொல்ல வேண்டியிருக்கும்.

பழவேற்காடு ஏரியில், பசியாவரத்துக்குப் பக்கத்தில் எங்கள் குப்பம். பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கினேன். என் டீச்சர் ஒருவர் இணையத்தில் தேடி விண்ணப்பம் போட்டார். ஐரோப்பாவில் ஒரு குளிர் நாட்டில், பல நாட்டுப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளி. இரண்டு வருடம், முழுச் செலவும் அவர்களுடையது. கிளம்பிய அன்று பாதி ஊர் படகுத்துறைக்கு வந்தது. பொன்னேரி பஸ்ஸில் நைனா என் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். திருப்பாலைவனம் தாண்டியதும், "இனிமே நீ சேத்துல கால் வெக்க வேணாம்டா" என்றார். அதற்கு மேல் பேசினால் அழுதுவிடுவார் என்று தெரிந்ததால் நானும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்தப் பள்ளியில் யாரும் என்னைக் கேவலமாக நடத்தவில்லை. நடத்தியிருந்தால் ஒரு எதிரியாவது கிடைத்திருப்பான். எல்லோரும் நல்லவர்கள். வகுப்பில் பாடம் நடத்தமாட்டார்கள், வட்டமாக உட்கார்ந்து பேசச் சொல்வார்கள். நான் மனதுக்குள் ஒரு வாக்கியத்தை இங்கிலீஷில் கட்டி முடிப்பதற்குள் பேச்சு வேறு எங்கோ போயிருக்கும். டீச்சர் என் பக்கம் திரும்பிப் பொறுமையாகப் புன்னகை செய்வார். அந்தப் பொறுமையைப் போல என்னை அவமானப்படுத்திய விஷயம் வேறில்லை. எங்கள் பள்ளிக்கூடத்தில் முதல் ரேங்க் வாங்கியவன் நான். இங்கே நான் எழுதிக் கொடுத்த தாளெல்லாம் "இன்னும் முயற்சி செய்யலாம்" என்ற குறிப்போடு திரும்பி வந்தது. குளிர்காலத்தில் மத்தியானம் மூன்றரைக்கே இருட்டிவிடும். சாப்பாட்டு ஹாலில் வெள்ளி தோறும் மீன் வைப்பார்கள். முள்ளும் இருக்காது, தோலும் இருக்காது, ருசியும் இருக்காது. நான் தட்டோடு போய், பேசத் தேவையில்லாத இடமாகப் பார்த்து உட்காருவேன்.

"ஊர் ஞாபகமா?" என்று கேட்பார்கள். ஏரியில் வந்து இறங்கும் பூநாரைகளின் படத்தை நெட்டில் பார்த்துவிட்டு, "இவ்வளவு அழகான இடத்தை விட்டு வந்திருக்கிறாயே" என்பார்கள். எனக்கு எரிச்சல் வரும். ஊர் அழகு என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. சேறு நாறும், படகு ஏறி இறங்கியே பாதி நாள் போகும். வலை இழுப்பதிலும் நான் கெட்டிக்காரன் கிடையாது, பாதியிலேயே மூச்சு வாங்கும். எனக்கு வேண்டியிருந்தது வேறு. நான் வாயைத் திறந்து என்னை நிரூபிக்காமலே எனக்கென்று ஒரு இடம் இருக்கிறது என்ற நினைப்பு. அது எனக்கு ஊரில் நிஜமாகவே இருந்தது. அதற்குப் பெயர் பாடு.

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டும். ஏரியில் இறால் விழும் இடங்கள் சிலதான். எல்லோரும் ஒரே நாளில் அங்கே வலை கட்டினால் வெட்டுக்குத்துதான். அதனால் யாருக்கு எந்த இடம், எந்த நாள் என்று முறை வைத்திருக்கிறோம், அதுதான் பாடு. வருடத்துக்கு ஒருமுறை, தை மாதம், கோயில் முன்னால் கூடிச் சீட்டுக் குலுக்குவார்கள். பட்டியலில் பெயர் இருந்தால்தான் சீட்டு. இடம் காலியிருந்தால், பதினெட்டு முடிந்த பையனின் பெயரைத் தகப்பன் எழுந்து நின்று சொல்வார், ஊர் தலையாட்டினால் பெயர் ஏறும். ஏறிவிட்டால் சாகும்வரை உண்டு. தகப்பனே வேண்டாம் என்று சொல்லிவிட்டால் போனது போனதுதான், திரும்பக் கேட்க முடியாது.

எனக்குப் பதினெட்டு இரண்டாம் வருடத்தில் முடிந்தது. துணி துவைக்கும் அறையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து நான் நினைத்ததெல்லாம் இதைத்தான். எல்லாம் கைவிட்டுப் போனாலும் தை மாதம் என் பெயர் ஏறும். பாதி மூச்சில் வலை இழுத்தாலும் அது என் பாடு, யாரும் பொறுமையாகப் புன்னகை செய்யமாட்டார்கள். அந்த ஒரு நினைப்பில்தான் காலையில் எழுந்து ஷூ மாட்டினேன்.

ஆனால் நைனாவிடம் இதில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மழையில் தொடங்கியது வளர்ந்துகொண்டே போனது. ஃபுட்பால் டீமில் சேர்த்திருக்கிறார்கள் என்றேன். டீச்சர் என் கட்டுரையை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார் என்றேன். நைனா போனை ஸ்பீக்கரில் போட்டுத் துறையில் நிற்பவர்களுக்கெல்லாம் கேட்க வைப்பார். அம்மா மட்டும் வீடியோவில் உற்றுப் பார்த்து, "மூஞ்சி ஏன்டா ஒரு மாதிரி கீது?" என்பாள். வெளிச்சம் அப்படி என்பேன். ஒரு ஞாயிறு நைனாவின் குரல் மிகவும் சோர்ந்திருந்தது. முகத்துவாரம் மண் மூடிக்கிடந்தது, இரண்டு முறை வலை கட்டியும் இறால் இல்லை, இடுப்பு வலி வேறு. அவரைச் சந்தோஷப்படுத்த என்னிடம் இருந்தது பொய்தான். "படிப்பு முடிஞ்சும் இங்கயே இருந்துடலாம்னு தோணுது நைனா" என்றேன். "நெசமாவாடா?" என்றார். "நெசமாதான்."

தை பிறந்தபோது என்னால் முடியவில்லை. நான்கு நாள் வகுப்புக்குப் போகாமல் படுத்துக்கிடந்தேன். மாணவர்களின் கவலை கேட்பதற்கென்றே இருந்த ஒரு அம்மையார் என்னைக் கூப்பிட்டுப் பேசினார். பாதியில் நிறுத்திக்கொண்டு ஊருக்குப் போவது குற்றமில்லை என்றார். அதற்கான படிவத்தைக் கொடுத்து, "முதலில் வீட்டில் சொல்" என்றார். மாதக்கணக்கில் வராத தூக்கம் அன்று வந்தது. சனிக்கிழமை நைனாவுக்கு மெசேஜ் போட்டேன். நாளைக்கு ஒரு விஷயம் சொல்லணும். அவர் வாய்ஸ் மெசேஜில் பதில் அனுப்பினார். "எனக்கும் ஒரு விஷயம் கீது. நாளைக்குச் சீட்டு, கோயில்ல இருந்தே பேசறேன்."

ஞாயிறு காலை ஏழரைக்கு, அங்கே மதியம் பன்னிரண்டு, வீடியோ வந்தது. படிவத்தைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு, சுற்றும் மெஷின்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். பந்தல், பிளாஸ்டிக் நாற்காலிகள், மைக்கில் யாரோ பட்டியலில் உள்ள பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில், புதிதாக, பக்கத்து வீட்டுப் பையனின் பெயர் வந்தது. என்னோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன். அடுத்து என்னுடையது என்று காதைத் தீட்டிக்கொண்டேன். வாசித்தவர் தாளை மடித்துவிட்டார்.

நைனா போனைத் தன் பக்கம் திருப்பினார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"இந்த வருசம் ஒரு எடம்தான் காலி. பக்கத்து வூட்டுப் பையனுக்கும் பதினெட்டு, உனக்கும் பதினெட்டு. உன் புள்ள வருவானான்னு ஊர்ல கேட்டாங்க. வரமாட்டான்னு எழுந்து சொல்ட்டேன். அவனே சொன்னான், அங்கயே இருக்கப் போறானாம்னு சொன்னேன். ஊரே கை தட்டிச்சுடா."

அவர் கண் கலங்கியிருந்தது. யார் மேல் கோபப்படுவது? அந்த மனிதர் என் வார்த்தையை நம்பியதைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை. நான் திரும்பிப் போவதற்கு இருந்த ஒரே கதவை நானே பேசிப் பேசிச் சாத்தியிருந்தேன். பக்கத்து வீட்டுப் பையன் திரையில் எட்டிப் பார்த்து, "தேங்க்ஸ் டா" என்றான். நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன்.

"இன்னா, ஏதோ சொல்லணும்னியே?" என்றார் நைனா.

சட்டைப்பையில் படிவம் நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது.

"ஒன்னுமில்ல நைனா. வெள்ளிக்கிழமை இங்க மீன் போட்டாங்க."

"அப்படியா! எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு."

"அது இன்னா, இன்னும் மழையா அங்க?"

"ஆமா நைனா" என்றேன். "விடவே இல்ல."