கோழிப்பட்டிக்குள் அம்மா வைத்த மரங்கள்

வெயில் காய்ந்த கோழிப் புழுக்கையின் மேல் முதல் மழை விழும்போது ஒரு வாடை எழும்பும். அதை நல்ல வாசம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். போன வாரம் தலவாக்கலையில் எங்கள் சமையலறை ஜன்னல் வழியே அது உள்ளே வந்தபோது, அடுப்பில் பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டே நான் சும்மா நின்றுவிட்டேன். பால் முழுக்க அடுப்புக்கே போயிற்று.

பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் தபால் கந்தோர்ப் பெண்தான் கம்பிவலை அடித்துக் கோழி வளர்க்கிறாள். உள்ளே ஒரு புல்லுகூட இல்லை. வெறும் செம்மண். "எதை நட்டாலும் கெளறிப் போட்டுருதுங்க, என்னதான் பண்றது?" என்று சுவருக்கு மேலாக அவள் கேட்டபோது, செடியைச் சுற்றிக் கல் அடுக்கச் சொன்னேன். உண்ணிச்செடி முள்ளை வெட்டித் தண்டோடு கட்டச் சொன்னேன். கீரை விதைத்தால் அதன்மேல் குச்சிகளால் ஒரு தட்டி போட்டு விட்டால், மேலே நீட்டுகிற இலையை மட்டும் கோழி கொத்தும், வேர் தப்பிக்கும் என்றேன். நான் ஒரு கோழியும் வளர்த்ததில்லை என்பது அவளுக்குத் தெரியும். பிறகு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று ஆச்சரியப்பட்டாள். அம்மா வைத்திருந்தாங்க என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். மிச்சத்தை அவளிடம் சொல்ல வரவில்லை. உங்களிடம் சொல்லலாம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் அப்பா இலங்கை மலைநாட்டில், பழைய மஸ்கெலியாவுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தார். அதற்கு முன்பும் வேறு தோட்டங்களில் இருந்திருக்கிறார். ஒவ்வோர் இடத்திலும் அம்மா எதையாவது நடுவார். அது காய்க்கிற வயது வரும்போது நாங்கள் சாமான் கட்டிக்கொண்டு வேறு மலைக்குப் போய்க்கொண்டிருப்போம். இந்தத் தோட்டத்தில்தான் எங்களுக்கு, தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தின் கோடியில் தனியாக ஒட்டிக் கட்டிய ஒரு வீடு கிடைத்தது. பின்னால் கொஞ்சம் இடம். அதற்கு மேலே செங்குத்தான மண்மேடு. அதைப் பார்த்த அன்றே அம்மாவின் முகம் மாறியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. இந்த இடத்தை விட்டு இனிப் போகப்போவதில்லை என்று அவராகவே முடிவு செய்துகொண்டது போல.

கவ்வாத்தில் வெட்டிப் போட்ட தேயிலை மிலாறுக் குச்சிகளைப் பொறுக்கி வந்து வேலி பின்னினார். மாமா கினிகத்தேனையிலிருந்து கூடையில் கொண்டுவந்த நாட்டுக்கோழிகளை உள்ளே விட்டார். சில மாதங்களில் அந்த இடம் மொட்டையாகிவிட்டது. மழைக்காலத்தில் சேறு, மாசி பங்குனியில் சுடுமண். குளிர் ஊரில் நிழல் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். பங்குனி வெயிலில் ஹட்டன் பக்கத்து மலையில் நின்று பார்த்தவர்கள் கேட்கமாட்டார்கள். அதைவிடப் பெரிய தொல்லை பருந்து. குஞ்சு பொரித்த வாரமே வட்டமிட ஆரம்பிக்கும். காவலுக்கு என்னைத்தான் வைப்பார்கள். நான் வானத்தைப் பார்த்ததைவிடச் சேவலைப் பார்த்துப் பயந்ததுதான் அதிகம். அது என்னைத் துரத்த, நான் ஓட, பருந்து அதன் பாட்டுக்கு வந்து தூக்கிக்கொண்டு போகும்.

அதனால்தான் அம்மா மரம் வைத்தார். தேயிலைக்கு நிழலாக நடுகிற கல்யாணமுருங்கையின் கம்பங்களை மேட்டின் அடியில் வரிசையாக ஊன்றினார். கம்பமே வேர்விட்டுத் தழைக்கும் சாதி அது. நடுவில் ஒரு மல்பெரி, மூலையில் கொய்யா. வேலியின் மேல் சவுசவுக் கொடியை ஏற்றிப் பந்தல் கட்டினார். உதிர்ந்த இலைகளைக் கூட்டாமல் அப்படியே விட்டார். அதைக் கிளறிப் புழு தேடுவதிலேயே கோழிகளுக்குப் பொழுது போய்விடும், செடிப்பக்கம் வராது. சில வருஷங்களில் பருந்துக்கு எங்கள் வீட்டுக் கோழிகள் இருப்பதே தெரியாமல் போயிற்று. மல்பெரி பழுத்துக் கொட்டும் நாட்களில் கோழிகளின் அலகெல்லாம் ஊதா நிறம். எச்சமும் ஊதா. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்குப் புறப்பட்ட அப்பா, குனிந்து அந்த மரத்தடியில் எதையோ எடுக்கப் போய், வெள்ளை வேட்டியோடு போனவர் ஊதா வேட்டியோடு திரும்பினார். அம்மா வாய்விட்டுச் சிரித்ததை நான் பார்த்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு பார்த்ததாக ஞாபகம் இல்லை.

வேலை இல்லாத நாட்களில் லயத்துப் பெண்கள் அந்த நிழலில் வந்து உட்காருவார்கள். தலை பார்ப்பார்கள், வெற்றிலை போடுவார்கள். அவர்களில் காளியம்மா என்று ஒருவர். கொழுந்து எடுப்பதில் கெட்டிக்காரி, பேச்சில் அதைவிட. அவர்தான் முதலில் ஒரு மல்பெரிக் கொப்பும் கொய்யாக் கன்றும் வாங்கிப்போய்த் தன் லய அறையான காம்பராவுக்குப் பின்னால் வைத்தார். அவரைப் பார்த்து அடுத்தவர், அடுத்தவரைப் பார்த்து மற்றவர். கொஞ்ச காலத்தில் லயத்தின் முதுகு முழுக்கப் பச்சையாகிவிட்டது. அம்மா வெளியே காட்டிக்கொள்ளாமல் பெருமைப்பட்டார்.

ஒருநாள் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் மனைவி, துரைசானி, குதிரையிலிருந்து இறங்கிப் பின்பக்கமாகவே நடந்து வந்து பட்டிக்குள் எட்டிப் பார்த்தார். வேலைக்காரர்களிடம் பேசிப் பழகிய தமிழ் அவருடையது. "நல்லா செஞ்சிருக்கு நீ. பங்களாவுக்கும் செய்" என்றார். அம்மாவுக்கு அது கட்டளையாகப் படவில்லை, மரியாதையாகப் பட்டது. பல நாள் வீட்டு வேலையை முடித்துவிட்டுப் பங்களாவுக்கு ஏறிப் போய், எங்கள் மரத்திலிருந்தே கொப்பு வெட்டிக் கொண்டுபோய் நட்டுக் கொடுத்தார். அங்கே நல்ல கம்பிவலை, தண்ணீர்க் குழாய், உதவிக்கு ஆள். திரும்பி வந்து ராத்திரிச் சாப்பாட்டில் அதைத்தான் பேசுவார். நானும் பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகளிடம், பங்களாக் கோழிகளுக்கே எங்கம்மாதான் வீடு கட்டினார் என்று அளந்துகொண்டு திரிந்தேன்.

அந்த வருஷங்களில் தேயிலை விலை விழுந்திருந்தது. ஆட்களைக் குறைக்கிறார்கள், குடும்பம் குடும்பமாக ரயிலேற்றி, கப்பலில் இந்தியாவுக்கு அனுப்புகிறார்கள் என்று எல்லாத் தோட்டங்களிலும் பேச்சு. அப்போதுதான் ஒருநாள் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிளாக்கரையா எங்கள் வீட்டுக்கு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், அப்பாவோடு நன்றாகப் பழகுகிறவர். வந்தவர் உட்காரவில்லை. லயங்களுக்குப் பின்னால் கீரை, காய்கறி போட்டுக்கொள்ளலாம், ஆனால் மரம் என்று இருப்பது எல்லாவற்றையும் வெட்டிவிட வேண்டும், வாத்தியார் வீட்டில் முதலில் வெட்டினால் மற்றவர்களும் வெட்டுவார்கள் என்று துரை சொல்லிவிட்டதாகச் சொன்னார். மரம் யாரை என்ன செய்தது என்று அப்பா கேட்டார்.

"மரம் நிண்டா ஆளும் நிண்டிடுவான் எண்டு துரை நினைக்கிறார், மாஸ்டர். நாளைக்கு இது என்ர மண் எண்டு சொல்லுவினமாம். நான் என்ன செய்யிறது?"

கதவுக்குப் பின்னால் நின்ற அம்மா எல்லாவற்றையும் கேட்டார். கிளாக்கரையா போன பிறகு, துரைசானியைப் பார்த்து வருகிறேன் என்று முந்தானையைச் சுற்றிக்கொண்டு புறப்பட்டார். என்னையும் கூட்டிப் போனார். பங்களாவில் எங்களைச் சமையல்காரர் போய்வரும் குசினி வாசலில் நிற்க வைத்தார்கள். வெகுநேரம் கழித்துத் துரைசானி வந்தார். அம்மா சொன்னதைப் பொறுமையாகத்தான் கேட்டார்.

"அது தொரை வேலை. எனக்கு தெரியாது" என்றார். பிறகு போகிற போக்கில், "இங்கே மல்பெரி ஏன் பழம் குடுக்கல்ல?" என்று கேட்டார்.

அம்மா போய்ப் பார்த்தார். தோட்டக்காரன் அதை வேலிச்செடி மாதிரி உருண்டையாகக் கத்தரித்து வைத்திருந்தான். எந்தக் கொப்பை விட வேண்டும், எதை எப்போது வெட்ட வேண்டும் என்று அம்மா நிதானமாக, ஒன்றுவிடாமல் சொல்லிக்கொடுத்தார். நான் பக்கத்தில் நின்று அவர் கையைப் பிடித்திருந்தேன். ஏன் சொல்லிக்கொடுத்தார் என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். அந்தச் செடிமேல் அவருக்குக் கோபமில்லை என்பதைத் தவிர எனக்கு வேறு பதில் கிடைக்கவில்லை.

அன்று வீட்டில் அப்பாவும் அம்மாவும் குரலைத் தாழ்த்திச் சண்டை போட்டார்கள். வெட்டாவிட்டால் வேலை போய்விடும், இந்தியாவில் நமக்கு யார் இருக்கிறார்கள் என்பதுதான் அப்பாவின் பேச்சு. மறுநாள் லயத்து ஆட்களைக் கூட்டி வைத்துத் துரையின் உத்தரவை அவரே வாசித்தார். எங்களுக்குப் பாடம் வாசிக்கிற அதே குரல், அதே நிறுத்தம். வாசித்துவிட்டு வந்து கத்தியைத் தேடினார். அம்மா அதை ஏற்கெனவே கையில் வைத்திருந்தார்.

"நீங்க வெட்ட வேணாம். நான் வச்சது, நானே வெட்டுறேன்."

வெட்டினார். மல்பெரியை முதலில், பிறகு கொய்யாவை. கொய்யா அந்த வருஷம்தான் நன்றாகப் பிடித்திருந்தது. கல்யாணமுருங்கை மட்டும் சொன்னபடி கேட்கவில்லை. வெட்டிய கட்டைகள் அடுத்த மழைக்கே பச்சைப் பச்சையாகத் துளிர்த்தன. அம்மா தினமும் துளிரை ஒடித்துப் போடுவார். அது திரும்பவும் வரும். ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, கட்டையையும் வேரோடு தோண்ட வேண்டும் என்று ஆபீசிலிருந்து இரண்டு ஆட்களை அனுப்பினார்கள். அவர்கள் மண்வெட்டியும் அலவாங்குமாக மேட்டின் அடியைக் கொத்திக் குழிகளாக்கிவிட்டுப் போனார்கள்.

காளியம்மா வெட்ட மறுத்தார். எம் புள்ளைங்க திங்கிற காய், நா வெட்ட மாட்டேன், வேணும்னா தொரையே வந்து வெட்டட்டும் என்று ஆபீஸ் வாசலில் நின்று சொன்னாராம். ஆள்விட்டு வெட்டினார்கள். அடுத்த முறை இந்தியாவுக்குப் போகிறவர்களின் பேர் சொன்னபோது அவருடைய குடும்பமும் இருந்தது. மரத்துக்காகத்தான் என்று யாரும் சொல்லவில்லை. ஆட்குறைப்பு என்றுதான் சொன்னார்கள். போகிற அன்று காலையில் ஒரு பெட்டைக்கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"ஒங்க மரத்தடியில பொரிச்சதுதான் வாத்தியாரம்மா. கப்பல்ல விடமாட்டாங்களாம். நீங்களே வச்சுக்கங்க."

அம்மா வாங்கிக்கொண்டார். வாசலில் இறக்கி வைத்திருந்த மூட்டையைக் காளியம்மா தலையில் தூக்கிக்கொண்டு நடந்தார். பாதையின் திருப்பம் வரைக்கும் அவர் திரும்பிப் பார்ப்பார் என்று நான் நினைத்தேன். தலையில் மூட்டை இருந்ததால் திரும்ப முடியவில்லையோ என்னவோ.

ஆனி மாத மழை அந்த வருஷம் விடாமல் பெய்தது. நாங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரம். ஏதோ பெரிய மூட்டையை இறக்கி வைத்ததுபோல் ஒரு சத்தம், அவ்வளவுதான். வீட்டுக்கு ஓடிப் பார்த்தால் மண்மேடு சரிந்து பட்டி இருந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது. மழைக்கு ஒதுங்கிக் கூட்டுக்குள் இருந்த கோழிகள் எல்லாம் உள்ளே. அம்மா சேற்றில் முழங்காலிட்டுக் கையால் தோண்டிக்கொண்டிருந்தார். அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போனார். அம்மா அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாகப் போட்டார்கள். காளியம்மாவின் கோழி எது என்று எனக்கு அடையாளம் தெரியவில்லை. எல்லாம் ஒரே மண்நிறமாக இருந்தன.

மாலையில் கிளாக்கரையா குடையோடு வந்து சரிவைப் பார்த்தார். "வேரைத் தோண்டாமல் விட்டிருக்கலாம்" என்று யாருக்கென்று இல்லாமல் சொன்னார். சில நாட்களில் மேட்டை ஒட்டிக் கோழி வளர்க்கக்கூடாது என்று ஓர் உத்தரவு வந்தது. அதையும் அப்பாதான் வாசித்தார்.

அம்மாவும் அப்பாவும் அதற்குப் பிறகும் நெடுங்காலம் ஒன்றாகத்தான் வாழ்ந்தார்கள். அம்மா சோறு போட்டார், துணி துவைத்தார், காய்ச்சல் வந்தால் பக்கத்தில் இருந்தார். ஆனால் பேச்சு என்று ஒன்று அவர்களுக்குள் திரும்பவே இல்லை. அப்பாவும் அதைக் கேட்கவில்லை. தனக்குக் கிடைக்க வேண்டியதுதான் என்று நினைத்தாரோ, அல்லது வேலையைக் காப்பாற்றிக் கொடுத்தவனுக்கு இதுதானா என்று உள்ளுக்குள் குமைந்தாரோ, இரண்டும் இருந்திருக்கும்.

அவர் ஓய்வு பெற்ற பிறகு ஹட்டனில் ஒரு சின்ன வீடு வாங்கினோம். எங்கள் பேரில், பத்திரம் முடித்து. பின்னால் நல்ல கறுப்பு மண், வேலிக்கு அந்தப் பக்கம் ஓடை. அப்பா எங்கிருந்தோ ஒரு கொய்யாக் கன்றை வாங்கிக்கொண்டு வந்து பின்வாசல் படியில் வைத்தார். அது அங்கேயே இருந்து வாடியது. அந்த வாரமே அம்மா ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டுப் பின்முற்றம் முழுக்கச் சிமெண்டு போடச் சொன்னார். சுவரோரம் ஒரு மல்லிகையாவது, ஒரு ரோஜாவாவது வைக்க இடம் விடலாமே என்று நான் சொன்னேன்.

"ஒண்ணும் வேணாம். கழுவிவிட லேசா இருக்கும்" என்றார்.

இருவரும் போய்விட்டார்கள். காளியம்மா எந்த ஊருக்குப் போனார், அங்கே அவருக்கு யாராவது இருந்தார்களா, தெரியாது. துரையும் துரைசானியும் எப்போதோ சீமைக்குப் போய்விட்டார்கள். பழைய மஸ்கெலியாவும் எங்கள் லயமும் பள்ளிக்கூடமும் அணை கட்டியபோது தண்ணீருக்குள் போயின. கோடைக்காலத்தில் தண்ணீர் வற்றினால் பழைய கோயில் வெளியே தெரியும், சனம் பார்க்கப் போகும். ஒருமுறை என் மகளோடு நானும் போனேன். எங்கே பார்த்தாலும் வெடித்த சேறு. மேடு எது, பள்ளம் எது என்று பிடிபடவில்லை. உங்க வீடு எங்கம்மா இருந்தது என்று அவள் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அவள் காத்துக்கொண்டு நின்றதால், சும்மா ஒரு பக்கமாகக் கையைக் காட்டினேன்.