மருந்துப் பையில் இல்லாத சொட்டு

என் கணவர் இருபது வருஷம் கல் குவாரியில் வேலை பார்த்தவர். நுரையீரலை அங்கேயே பாதி விட்டுவிட்டு வந்தார். நெஞ்சு டாக்டர் ஓர் இன்ஹேலர் கொடுத்தார். காலையில் ஒரு தடவை இழுத்தால் நாள் முழுக்க மூச்சுக்குழாயைத் திறந்து வைக்கும். ஐந்தாறு மாதம் திருவரங்குளம் கடைத்தெரு வரை நிற்காமல் நடந்துபோய் வந்தார்.

பிறகு கண்ணில் அழுத்தம் கூடியிருக்கிறது என்று வேறொரு மருத்துவமனையில் சொட்டு மருந்து எழுதினார்கள். காலை எட்டு, மாலை எட்டு. நான்தான் ஊற்றினேன். அந்த மாதமே அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. பாத்ரூம் போய்வந்தாலே கட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்பார். இன்ஹேலரைச் சரியாக இழுக்கவில்லை என்று அவரைத்தான் திட்டினேன்.

"இழுக்குறேன்டி" என்பார். நான் நம்பவில்லை.

நாங்கள் போகும்போதெல்லாம் நெஞ்சு டாக்டர் கேட்டார், "வேற என்ன மருந்து எடுக்குறாரு?" மருந்து வைத்திருக்கும் மஞ்சள் பையை மேஜையில் கவிழ்ப்பேன். பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை. "அவ்வளவுதாங்க." எங்கள் வீடுகளில் மருந்து என்றால் விழுங்குவது. கண்ணில் விடுவதை யாரும் அந்தப் பையில் போடுவதில்லை. அது கண்ணாடிக்குக் கீழே, சீப்போடும் பவுடரோடும் கிடக்கும்.

நாலாம் மாதம் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. மறுநாள் காலை எட்டு மணிக்குக் கைப்பையிலிருந்து சொட்டை எடுத்து, அவர் தலையை நிமிர்த்தினேன். ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் பாட்டிலை வாங்கிப் படித்தார். என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"இது கண்ணோட நிக்காதும்மா. மூக்கு வழியா எறங்கி ரத்தத்துல கலந்துரும். இன்ஹேலர் கதவத் தொறக்குது, இது சாத்துது. எத்தன நாளா ஊத்துறீங்க?"

"நாலு மாசமா."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"கண் டாக்டர்ட்ட பேசி வேற மாத்திக்கிடலாம்."

"மூச்சு பழையபடி வந்துருங்களா?"

"பாப்போம்மா."

எனக்கு அழுகை வரவில்லை. கான்டீனில் போய் மூன்று இட்லி சாப்பிட்டேன். சட்னியில் உப்பு குறைவு என்றுகூடத் தெரிந்தது. உள்ளே ஒன்றும் ஓடவில்லை. அவரிடமும் சொல்லவில்லை.

சாயங்காலம் பொன்னமராவதியிலிருந்து அவருடைய அக்கா, என் அண்ணி, வந்தார். என் கணவர் ஆக்ஸிஜன் முகமூடியை விலக்கிக்கொண்டு, விட்டு விட்டுப் பேசினார்.

"இவ இருக்கப்போயித்தான்க்கா நான் இன்னும் இருக்கேன். கண்ணுக்கு ஊத்துறதுகூட ஒரு வேள தவறுனதில்ல."

அண்ணி என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நீ நல்லா இருக்கணும் ஆத்தா" என்றார்.

"ஆமாங்க அண்ணி" என்றேன். "ஒரு வேளகூட விடல."