தோளைப் பிடித்திருந்தவள்

செல்வலட்சுமி பதினாறு வயதில் நாடக மேடை ஏறினாள். திருத்தங்கலில் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த பெண்ணுக்குக் கணீரென்ற குரல். இருபது ஆண்டுகளில் அவள் ராணி வேஷம் கட்டாத திருவிழா அந்தப் பக்கத்தில் குறைவு. ஆனால் அழுகைக் காட்சி மட்டும் அவளுக்கு வரவே இல்லை. "பாட்டு இருக்கு தாயி, அழுகைதான் இல்ல" என்று நாடகம் அமர்த்தும் சோணைமுத்து முகத்துக்கு நேராகவே சொல்வார்.

மூன்று வருடங்களுக்கு முன்பு, பக்கத்து வீட்டு மாடத்தியின் மகள் மாரிசெல்வி பட்டாசு ஆலை வெடிவிபத்தில் இறந்துபோனாள். பத்தொன்பது வயது. உடல் வந்தபோது மாடத்தி அலறவில்லை. தீ படாத பாதங்களில் வெள்ளி நிறமாக ஒட்டியிருந்த பட்டாசு மருந்துத் தூளைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தாள். "காலு கழுவாமப் படுத்துட்டியேடி" என்று மெதுவாக, திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள் தோளைப் பிடித்தபடி பக்கத்தில் இருந்தவள் செல்வலட்சுமி.

அந்த வருடப் பங்குனித் திருவிழாவில், போரில் மாண்ட மகன் முன்பு ராணி அழ வேண்டும். செல்வலட்சுமி பாட்டைப் பாதியில் நிறுத்தினாள். மகனாகப் படுத்திருந்தவனின் பாதங்களைத் தலைப்பால் துடைத்தாள். அதே வார்த்தைகளைச் சொன்னாள். கூட்டம் தேம்பியது. அதன்பிறகு அந்த ஒரு காட்சிக்காகவே ஊர் ஊராகக் கூப்பிட்டார்கள். அவளும் போனாள்.

போன வருடம் ஆமத்தூரில், தங்கை வீட்டுக்கு வந்திருந்த மாடத்தி அந்த நாடகத்தைப் பார்த்துவிட்டாள். கூட்டத்தில் அவள் இருந்ததை செல்வலட்சுமி மேடையிலிருந்தே கண்டாள். மறுநாள் ஊர் திரும்பியதும் மாடத்தி வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"மதினி, என்னைய மன்னிச்சிருங்க."

மாடத்தி அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அன்னைக்கு என்னையத் தாங்கிப் பிடிச்சிருக்கன்னுல்ல நெனச்சேன். பாத்துக்கிட்டா இருந்த?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"ரெண்டுந்தான் மதினி."

மாடத்தி உலையில் அரிசியைப் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

இனி ராணி வேஷம் வேண்டாம் என்று செல்வலட்சுமி சோணைமுத்துவிடம் சொல்லிவிட்டாள். அவள் இடத்துக்கு முருகேஸ்வரி என்ற பெண் வந்தாள். அவளும் பாதத்தைத் துடைத்தே அழுதாள்.

"அத மட்டும் விட்டுரும்மா" என்றாள் செல்வலட்சுமி.

"நீங்க செஞ்சதுதானக்கா? அதக் கேட்டுத்தான் சனம் வருது."

செல்வலட்சுமி இப்போதும் மேடையேறுகிறாள், தோழி வேஷத்தில். துக்க வீடுகளுக்குப் போனால் மட்டும் உள்ளே நுழைவதில்லை. தெருவிலேயே, யார் முகத்தையும் பார்க்காமல் நின்றுவிட்டு வருகிறாள்.