ஒரு கிளாஸும் திரும்பி வரவில்லை

சாப்பிட்டு முடித்ததும் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைத்து நமக்கு உதவி செய்கிற வாடிக்கையாளர்களைக் கண்டால் எனக்கு ஆகவே ஆகாது. நல்ல மனசுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மேல்பக்கம் மட்டும் அழுக்காக இருந்த தட்டு இப்போது அடிப்பக்கமும் குழம்பாகியிருக்கும். இரண்டு தட்டுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட ஃபோர்க், பீங்கானில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு இழுத்திருக்கும். அந்தக் கோடு லேசில் போகாது. "தேங்க்யூ மேடம்" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்துவிட்டு, சமையலறையை ஒட்டிய கழுவுமிடத்துக்குப் போய் வாய்க்கு வந்தபடி திட்டுவேன். என் கணவர் கதவருகே நின்றுகொண்டு, "மெதுவா, வெளிய கேக்குது" என்பார். கேட்கட்டும் என்பேன்.

நானும் அவரும் ஒரே ரெஸ்டாரண்டில் வேலை பார்த்தோம். ஏ.எஸ்.ராவ் நகரில், ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில். அவர் ஹாலுக்கு கேப்டன். ஆர்டர் எடுப்பது, சர்வர்களை மேய்ப்பது, சாப்பாடு வரத் தாமதமாகிறது என்று குதிக்கிறவர்களைச் சமாதானப்படுத்துவது எல்லாம் அவர் பாடு. மேஜைகளும் அவற்றின் மேல் வைக்கிற அத்தனை சாமான்களும் என் பாடு. இரண்டு பேருமே செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். எங்கள் தமிழில் பாதி இந்தியும் தெலுங்கும்தான் இருக்கும். சர்ச்சில், ஊரிலிருந்து புதிதாக வந்த ஐ.டி. பிள்ளைகள் நாங்கள் பேசுவதைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். தினமும் காலையில் ஹப்சிகுடாவிலிருந்து ஸ்கூட்டரில் ஒன்றாகப் போவோம், வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டு.

மேஜை போடுவதற்கு ஸ்கேல் வைத்து அளக்கிறவர்கள் உண்டு. எனக்கு என் கைதான் அளவு. தட்டின் விளிம்புக்கும் மேஜை ஓரத்துக்கும் நடுவே கட்டைவிரலின் ஒரு கணு. இடப்பக்கம் ஃபோர்க், வலப்பக்கம் கத்தி, கத்தியின் வெட்டும் பக்கம் தட்டைப் பார்த்தபடி. கத்தி முனைக்கு மேலே ஒரு விரல் இடம் விட்டுத் தண்ணீர் கிளாஸ். பிரியாணியைக் கையால் அள்ளிச் சாப்பிடப் போகிறவருக்குக் கத்தி எதற்கு என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. முதலாளி வைக்கச் சொன்னார், வைத்தேன். வைத்ததை ஒழுங்காக வைத்தேன்.

கிளாஸ்தான் பெரிய வேலை. இங்கே போர் தண்ணீர் உப்பு. மெஷினில் கழுவிக் காயவைத்தாலும் கண்ணாடியில் வெள்ளையாக ஒரு படலம் நிற்கும். ஒரு கிண்ணம் கொதிக்கிற தண்ணீரில் கொஞ்சம் வினிகர் விட்டு, கிளாஸை அந்த ஆவியில் காட்டி, நூல் உதிராத துணியால் உள்ளும் புறமும் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டும். படலம், விரல் ரேகை, உதட்டுச் சாயம் என்று எது இருந்தாலும் அப்போது தெரிந்துவிடும். மெஷினுக்கே டிமிக்கி கொடுப்பது உதட்டுச் சாயம்தான். தட்டுக்கு வேறு சோதனை. விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டுவேன். அரிசி முனையளவு தெறித்திருந்தாலும் விரல் நின்றுவிடும். அந்தத் தட்டு அன்றோடு குப்பைக்குப் போகும். மேனேஜர் முகத்தைச் சுளிப்பார். வாடிக்கையாளரின் உதடு கிழிந்தால் அவரா வந்து பதில் சொல்லப் போகிறார்?

கண் கெட்டுப்போகிறது என்று முதலில் காட்டிக்கொடுத்தது நாற்காலிகள். எப்போதும் இருக்கிற இடத்தில் இருக்கிற நாற்காலியில் போய் இடித்துக்கொண்டேன். முழங்கால் முழுக்க நீலம் நீலமாகக் கன்றிப்போயிருந்தது. டாக்டர் நிறையச் சோதனைகள் செய்துவிட்டு, கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு பட்டுப்போய்க்கொண்டிருக்கிறது, இழந்த பார்வை திரும்பாது, மிச்சத்தை மருந்து போட்டுக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்றாரே தவிர, காப்பாற்றிவிடுவோம் என்று சொல்லவில்லை. நானும் துருவிக் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரே என்று பயம்.

ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு டீக்கடை வாசலில் நின்றுகொண்டு என் கணவரிடம் ஒரு நிபந்தனை போட்டேன்.

"மேனேஜர்கிட்ட இப்போ ஒண்ணும் சொல்ல வேணாம். அழுக்கா இருக்குன்னு ஒரு கிளாஸ், ஒரே ஒரு கிளாஸ் டேபிள்லேர்ந்து திரும்பி வரட்டும். அன்னிக்கே ஏப்ரனைக் கழட்டி வெச்சுடறேன். அதுவரைக்கும் என்னை யாரும் வீட்ல உக்காருன்னு சொல்லக் கூடாது. நீங்களும்தான்."

அவர் டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். "ஹவ்" என்று எங்கள் ஊர் இந்தியில் ஆமாம் போட்டார்.

எனக்கு அது நியாயமான நிபந்தனையாகவே பட்டது. எங்கள் தொழிலில் மேஜை நன்றாக இருந்தால் யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். உட்கார்வார்கள், சாப்பிடுவார்கள், போவார்கள். சரியில்லையென்றால் சாமான் திரும்பி வரும். அதைவிட நேர்மையான தீர்ப்பு வேறெதுவும் இல்லை என்று நினைத்தேன்.

கிளாஸ் எதுவும் திரும்பி வரவில்லை.

மாதங்கள் போயின. பக்கவாட்டில் எதுவுமே தெரியாமல் போனது. நடுவில் தெரிந்ததும் கலங்கலாகிக்கொண்டே வந்தது. ஆனால் மேஜைகள் கைக்குப் பழக்கம். கட்டைவிரல் கணு இருந்தது, ஒரு விரல் இடைவெளி இருந்தது, தட்டின் விளிம்பில் விரல் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. கிளாஸ்களை முன்போலவே ஆவியில் காட்டித் துடைத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தேன். எல்லாமே சுத்தமாகத்தான் தெரிந்தன. கறை மங்கலாகவாவது தெரிந்திருந்தால் சந்தேகம் வந்திருக்கும். அழுக்கே கண்ணில் படாதவளுக்கு எல்லா கிளாஸும் சுத்தம்தானே.

மாலையில் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்துகொண்டு பெருமையடிப்பேன். "இன்னிக்கும் ஒண்ணு கூடத் திரும்பி வரல, தெரியுமா? அந்த டாக்டருக்கு என்ன தெரியும்? படிச்சா போதுமா?" அவர் சிரித்துக்கொண்டே வண்டியை ஓரங்கட்டி மிளகாய் பஜ்ஜி வாங்கித் தருவார். தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் நின்று, நாக்கு எரிய எரிய இரண்டு பேரும் தின்போம். என் வாழ்க்கையில் அந்த மாதங்களில் இருந்த அளவுக்கு நான் சந்தோஷமாக இருந்ததில்லை. கல்யாணமான புதிதில்கூட இல்லை.

ஒருநாள், ஏதோ அலுவலகத்தில் ஓய்வுபெறுகிற ஒருவருக்கு மதிய விருந்து. வழக்கம்போல மேஜைகளை எல்லாம் போட்டு முடித்துவிட்டு நாப்கின் மடிக்க உள்ளே போய்விட்டேன். ஆட்கள் கூடுதலாக வருகிறார்கள், ஜன்னலோர மேஜைகளைச் சேர்த்துப் போட வேண்டும் என்று ஒரு சர்வர் வந்து கூப்பிட்டான். போனேன். கிளாஸை நகர்த்தலாம் என்று கையில் எடுத்தேன்.

வெதுவெதுப்பாக இருந்தது.

நான் அதைத் துடைத்து வைத்து ஒரு மணி நேரத்துக்கு மேலாகியிருக்கும். ஏ.சி. ஓடுகிற ஹாலில் கிளாஸ் சில்லென்றுதான் இருக்க வேண்டும். பக்கத்திலிருந்ததைத் தொட்டேன். அதுவும் வெதுவெதுப்பு. ஜன்னல் பக்க மேஜைகளில் ஒவ்வொரு கிளாஸாகத் தொட்டுக்கொண்டே போனேன். எல்லாவற்றிலும் லேசாக வினிகர் வாடை; எல்லாம் இப்போதுதான் ஆவியில் காட்டி எடுத்தவை. சுவர்ப்பக்க மேஜைகளில் மட்டும் கிளாஸ்கள் சில்லென்று இருந்தன. யாரோ நான் போட்ட மேஜைகளைத் திரும்பத் துடைத்துக்கொண்டு வந்து, பாதியில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ. எனக்குத் தெரியாதா?

சில்லென்றிருந்ததில் ஒன்றை எடுத்துக்கொண்டு கவுண்டருக்குப் போனேன். கேஷியர் என் வயதுப் பெண், தெலுங்குக்காரி, நல்ல சிநேகிதி. கிளாஸை அவள் முகத்துக்கு நேரே நீட்டி, இதில் என்ன இருக்கிறது, உள்ளதைச் சொல் என்றேன். அவள் தயங்கினாள். பிறகு மெல்லிய குரலில், "லிப்ஸ்டிக் உந்தி, அக்கா" என்றாள், உதட்டுச் சாயம் இருக்கிறதாம். அவளுக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது என்று அந்தக் குரலிலேயே புரிந்துவிட்டது. ஹாலில் இருந்த எல்லோருக்குமே தெரிந்திருக்கும்.

அவர் வாசலில் விருந்தினரை வரவேற்றுக்கொண்டிருந்தார். அதற்காகத்தான் பாதியில் விட்டுப் போயிருக்கிறார். நேரே போய் அவர் கையில் என் துடைக்கிற துணியை வைத்தேன். "மிச்சத்தையும் துடைச்சிடுங்க. ஆளுங்க உக்காரப் போறாங்க" என்றேன். வாய்க்கு வந்தபடி திட்டுகிற எனக்கு அன்றைக்கு அதற்குமேல் வாயில் எதுவும் வரவில்லை.

அவர் போய்த் துடைத்தார். விருந்து நடந்தது. மாலை போட்டார்கள், கை தட்டினார்கள், எல்லோரும் தண்ணீர் குடித்தார்கள். அன்றைக்கும் ஒரு கிளாஸ்கூடத் திரும்பி வரவில்லை. கூட்டம் போனதும் கழுவுமிடத்தில் அவரை நிறுத்தி, எத்தனை நாளாக என்று கேட்டேன்.

"நீ அந்தக் கண்டிஷன் போட்டியே, மறுநாள்லேர்ந்து."

"என்னை ஏமாத்தினீங்க."

"ஆமா. ஒரு கிளாஸ் திரும்பி வந்தா நின்னுடுவேன்னு சொன்ன. ஊரடங்குல ஓட்டல் மூடிக் கெடந்தப்ப நீ வீட்ல எப்படி இருந்தேன்னு எனக்குத்தானே தெரியும்? இருக்கற நாலு டம்ளரைத் தேய்ச்சுத் தேய்ச்சு வெச்சுக்கிட்டு, யார் மூஞ்சியையும் பாக்காம உக்காந்திருந்த. அது மறுபடியும் நக்கோ, வேணவே வேணாம். என்னால பாக்க முடியாது." மூச்சு வாங்கிக்கொண்டார். "உன்னால முடியலன்னு நான் ஒரு நாளாவது நெனச்சேனா? கண்ணுதானே முடியல."

ஏப்ரனைக் கழற்றினேன். மடித்து மேனேஜர் மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன். மேனேஜர் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இத்தனை வருஷம் ஒரு தட்டை எறிந்தால் காரணம் கேட்ட மனிதர்.

வீட்டில் கொஞ்ச காலம் என் கணவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சாப்பாடு போட்டேன், கேட்டதற்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான். அவர் பொய் சொன்னதை மன்னிக்க எனக்கு அதிக நாள் ஆகவில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன், ஆனால் அவரைவிடச் சாமர்த்தியமாகச் செய்திருப்பேன். வேறொன்றுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. அந்த மாதங்களில் ஒரு நாளாவது, ஒரே ஒரு நாளாவது, நான் போட்ட மேஜைகள் உண்மையிலேயே சரியாக இருந்தனவா? அவர் தொடாமலே விட்டிருந்தாலும் எதுவும் திரும்பி வராத நாள் ஒன்று இருந்ததா? அப்படி ஒன்று இருந்திருந்தால் அது போதும் எனக்கு. அதை வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்துவிடுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, ரெஸ்டாரண்டுக்குக் கிளம்ப அவர் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது கேட்டேன். மறைக்காமல் சொல்லுங்கள் என்றேன்.

"முக்காவாசி நாள் ஒண்ணுமே இருக்காதும்மா" என்றார் உடனே. "எல்லாம் பளபளன்னுதான் இருக்கும். நான் சும்மா என் திருப்திக்கு ஒரு தடவை துடைப்பேன். அன்னிக்குத்தான் என்னமோ அந்த ஒரு கிளாஸ்."

சொன்ன விதம் அவ்வளவு இயல்பாக இருந்தது. அதுதான் கஷ்டம். அவர் தொழிலே அந்தக் குரல்தான். அடுப்பில் ஏறாத பிரியாணியை "அஞ்சே நிமிஷம் சார், தம் போட்டாச்சு" என்று சொல்லி எத்தனை பேரை உட்காரவைத்திருக்கிறார். குரலில் ஒன்றுமே தெரியாது. முகத்தைப் பார்த்தால் எனக்கு மட்டும் தெரியும். பொய் சொல்லும்போது எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்க்க மாட்டார், காலரைப் பார்ப்பார். எத்தனையோ தடவை அப்படிக் கண்டுபிடித்துச் சண்டை போட்டிருக்கிறேன்.

இப்போது அவர் முகம் இருக்கிற இடத்தில் வெள்ளையாக ஒரு கலக்கம்தான் இருந்தது. எங்கே பார்க்கிறார் என்று தெரியவில்லை. கிட்டப் போனேன். இன்னும் கிட்டப் போனேன். அப்போதும் தெரியவில்லை. ஆத்திரமாகவும் அழுகையாகவும் வந்தது. கையை நீட்டி அவர் கன்னத்தைத் தொட்டேன்.

கன்னம் முழுக்க நனைந்திருந்தது. குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லாமல் அத்தனையும் சொல்லியிருக்கிறார்.

சட்டையில் ஒரு பொத்தான் போடாமல் இருந்தது. அதைப் போட்டுவிட்டு, "சரிங்க, நேரமாச்சு, கெளம்புங்க" என்றேன்.