கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்த அம்மா

அம்மா எதையும் இரண்டு முறை பார்க்காமல் நம்ப மாட்டாள். பால் பாக்கெட்டை முகர்ந்து பார்ப்பாள். கீரைக்காரம்மா இன்றைக்குப் பறித்தது என்று சொன்னால் தண்டை உடைத்துப் பார்ப்பாள். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதுகூட டிரிப்ஸ் பாட்டிலில் எழுதியிருந்ததை என்னைப் படித்துக் காட்டச் சொன்னாள். எனக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத் தெரியும், அர்த்தம் தெரியாது. எழுத்து எழுத்தாகச் சொன்னேன். முழுதாகக் கேட்டுவிட்டு, சரி, ஏற்றட்டும் என்றாள்.

அவள் இறந்து மூன்று மாதம் ஆகிறது. அவளுடைய சந்தேகப் புத்தி எனக்கும் சின்ன வயதிலேயே வந்துவிட்டது. அதை நான் முதலில் வைத்தது அவள் மேலேதான்.

எங்கள் வீடு ஏர்போர்ட்டுக்குப் பக்கத்தில், பொழிச்சலூரில். பிளேன் தலைக்கு மேல் தாழ்வாகப் போகும்போது பேச்சை நிறுத்திவிட்டு, போனதும் அதே இடத்தில் இருந்து தொடங்குவோம். பள்ளிக்கூடம் பம்மல் பக்கம். அதன் பின்னால் மண் கிரவுண்டு. அங்கே கபடி ஆடினேன். ஆறாவதில் இருந்து ஆடினேன். கையைப் பிடித்து யாரும் கூட்டிப் போகவில்லை. எல்லாரும் ஓடினார்கள், நானும் ஓடினேன்.

எட்டாவது படிக்கும்போது வயசுக்கு வந்தேன். மாமா சீர் கொண்டுவந்தார், சாமியானா போட்டார்கள், சாப்பாடு போட்டார்கள். பந்தியிலேயே அத்தை சொல்லிவிட்டாள், இனிமேல் அந்த ஆட்டத்தை மூட்டை கட்டு என்று. என் வகுப்பில் எனக்கு முன்னால் மூன்று பேர் அப்படித்தான் நின்றிருந்தார்கள். அவர்களை யாரும் போகாதே என்று அடித்து நிறுத்தவில்லை. போ என்று சொல்லவும் ஆள் இல்லை. சாயங்காலம் ஆனால் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். அவ்வளவுதான்.

அம்மா போ என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நேரில் பார்க்க வந்தாள். எங்களுக்குக் கபடி சொல்லிக்கொடுத்த பி.டி. மாஸ்டரை கிரவுண்டு நடுவில் நிற்க வைத்துக் கேட்டாள்.

"பசங்க எவனாவது இங்க வருவானா சார்?"

"சாயங்காலம் கேட்டைப் பூட்டிடுவோம்மா."

"சாவி யார்கிட்ட கீது?"

"வாட்ச்மேன்கிட்ட."

"வாட்ச்மேன் எப்டி?"

மாஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீங்களே டெய்லி வந்து உக்காந்து பாத்துக்கோங்கம்மா. யார் வேணாம்னா?"

அவர் விளையாட்டுக்குச் சொன்னார். அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள்.

அவளுக்கு தாம்பரம் சானடோரியம் பக்கம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை. காலை ஆறு மணி ஷிப்ட்டை யாரும் கேட்டு வாங்க மாட்டார்கள். விடியும் முன்னால் சோறு வடித்துவிட்டு ஓட வேண்டும். அம்மா கேட்டு வாங்கினாள். இரண்டு மணிக்கு விட்டதும் நேராக கிரவுண்டுக்கு வந்து, சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே உடைந்த சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவாள். மடியில் டிபன் பாக்ஸ் பை. காம்பவுண்டு ஓரம் எந்த சைக்கிள் நின்றாலும் எழுந்து போய் அது யாருடையது என்று கேட்பாள். தண்ணீர்ப் பானையைத் திறந்து பார்ப்பாள். ரெய்டு போய்த் திரும்பும்போது என் இடுப்பை யார் எப்படிப் பிடித்தார்கள் என்றுகூட வீட்டில் விசாரிப்பாள். எனக்கு மானம் போயிற்று. டீமில் எல்லாரும் என்னை ஓட்டினார்கள்.

"உங்கம்மா சிபிஐல கீறாங்களாடி?"

ஆனால் ஒரு அம்மா வந்து உட்கார்ந்தால் மற்ற அம்மாக்களால் வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. இவள் எதற்கு வந்து உட்காருகிறாள், நம் பெண்ணைப் பற்றி என்ன தெரிந்துகொண்டாள் என்று பார்க்க ஒருத்தி வந்தாள். அவளைப் பார்க்க இன்னொருத்தி. மீன் விற்றுவிட்டு காலிக் கூடையோடு ஒரு அம்மா வந்து கூடையைக் கவிழ்த்து அதன் மேல் உட்காருவார். பர்தா போட்ட ஒரு அம்மா முறுக்கு கொண்டுவந்து பெஞ்சில் பிரித்து வைப்பார். அவர் பெண்தான் எங்கள் டீமில் கால் பிடிப்பதில் கெட்டிக்காரி. வயசுக்கு வந்து நின்றுபோன இரண்டு பேர்கூடத் திரும்பி வந்தார்கள். ஏழு பேர் சேர்ந்தோம். ஒன்பதாவது தொடங்கியதும் எங்களை சுற்றுவட்டாரப் பள்ளிக்கூடங்கள் மோதுகிற சோன் மேட்சுக்கு அனுப்பப் போவதாக மாஸ்டர் சொன்னார்.

அப்போதுதான் அரை நிக்கர் பிரச்சினை வந்தது. மேட்சுக்கு சுடிதாரோடு ஆட விட மாட்டார்கள். கால் பிடிக்கிறவளின் வாப்பா, தொடை தெரிகிற துணியில் என் பெண் ஆட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இன்னொருத்தியின் அண்ணனும் அதையே சொன்னான். எனக்கு அவர்கள் மேல் கோபமில்லை, எனக்கே அந்த நிக்கர் கூச்சம்தான். ஆனால் ஏழில் இரண்டு போனால் டீமே இல்லை.

அந்த வாரத்தில் ஒரு நாள் அம்மா பெஞ்சில் இல்லை. தேடினேன். பம்ப்பு ரூம் பின்னால் மாஸ்டரோடு நின்றுகொண்டிருந்தாள். நியூஸ் பேப்பரில் சுற்றிய ஒரு பொட்டலத்தைக் கொடுத்தாள். அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வாங்கிப் பைக்குள் வைத்தார். இரண்டு நாள் கழித்து மறுபடியும் பார்த்தேன். அதே பம்ப்பு ரூம், அதே மாதிரிப் பொட்டலம்.

பிறகு எனக்கு எல்லாம் வேறு மாதிரித் தெரிய ஆரம்பித்தது. கம்பெனியில் இருந்து வருகிறவள் முகத்துக்குப் பவுடர் ஏன் போட்டிருக்கிறாள்? சாப்பிட்டீங்களா சார் என்று ஏன் கேட்கிறாள்? காலை ஷிப்ட்டுக்கு ஏன் அவ்வளவு அவசரப்பட்டாள்? அவள் என்னைப் பார்க்க வரவில்லை என்று நினைத்தேன். ஆடும்போது கண் அவள் மேலேயே இருந்தது. இரண்டு ரெய்டில் அவுட் ஆனேன். நன்றாக ஆடு என்று அவள் கத்தியபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் படப்பை பக்கம் மினி லாரி ஓட்டுகிறார், பகலில் வீட்டில் இருப்பது அந்த ஒரு நாள்தான். அம்மா கடைக்குப் போயிருந்தாள்.

"அப்பா, அம்மா மாஸ்டர்கிட்ட பேப்பர்ல சுத்தி இன்னாமோ குடுக்குது."

"இன்னா குடுக்குது?"

"தெரியலப்பா. பம்ப்பு ரூம் பின்னாடி நின்னு குடுக்குது."

தட்டில் பாதிச் சோறு இருக்கும்போதே கையைக் கழுவிவிட்டார். என்னை வெளியே போய் விளையாடச் சொன்னார். நான் தெரு முனை வரை போய் நின்றுகொண்டேன். ஒரு பிளேன் போயிற்று.

மறுநாள் அம்மா வாயோரம் வீங்கியிருந்தது. மிஷின் மூடி பட்டுவிட்டது என்று பக்கத்து வீட்டில் சொன்னாள். அந்த வாரமே ஷிப்ட்டை மாற்றிக்கொண்டாள். கிரவுண்டுக்கு வருவது நின்றது. மற்ற அம்மாக்களிடம் ஓவர்டைம் என்று நான் சொன்னேன்.

மூன்று வாரம் கழித்து மாஸ்டர் ஏழு பேண்ட் கொண்டுவந்து கொடுத்தார். கருநீலத் துணி, பக்கவாட்டில் வெள்ளைப் பட்டி, முழு நீளம். பள்ளிக்கூடத்தில் கொடுத்தது என்றார். ஏழு பேருக்கும் அளவு எடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. கால் பிடிக்கிறவளின் வாப்பா பேண்ட்டைத் தடவிப் பார்த்துவிட்டு சரி என்றாராம். தாம்பரத்தில் மேட்ச் ஆடினோம். முதல் மேட்ச் ஜெயித்தோம், அடுத்ததில் தோற்றோம். அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் என்றார் மாஸ்டர்.

அடுத்த வருஷம் இல்லை. என் அம்மா வராததால் மீன்கார அம்மாவும் வரவில்லை, அவர் வராததால் முறுக்குக்கார அம்மாவும் வரவில்லை. பெஞ்சு காலியானது. பெண்கள் ஒவ்வொருத்தியாக நின்றார்கள். ஒருத்திக்கு டியூஷன். ஒருத்திக்கு வயிற்று வலி, அது போகவே இல்லை. காம்பவுண்டு ஓரம் எவனோ நின்றான் என்று ஒருத்தியை அவள் அண்ணன் நிறுத்தினான். அந்த சைக்கிள் யாருடையது என்று கேட்க இப்போது யாரும் இல்லை. மூன்று பேர் மிச்சம் இருந்தோம். மாஸ்டர் ஒரு வாரம் எங்களைச் சுற்றி ஓடவிட்டார். பிறகு அவரும் வரவில்லை.

ஒன்பதாவதில் பெயிலானேன். வீட்டில் உட்கார்ந்தேன். உடம்பு ஊதியது. படி ஏறினால் மூச்சு வாங்கியது, பதினைந்து வயதில். பிறகு அம்மாதான் தன் கம்பெனியிலேயே செக்கிங்கில் சேர்த்துவிட்டாள். தைத்து வந்த துணியில் பழுது பார்க்கிற வேலை. கம்பெனியில் இருந்து சின்னதோ பெரியதோ, ஒரு துணியையும் வெளியே கொண்டுபோக முடியாது. கேட்டில் செக்யூரிட்டி அக்கா உடம்பைத் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார். பிடிபட்டால் அன்றே வேலை போகும்.

இரண்டாம் மாதம் பழைய ரிஜெக்ட் மூட்டை ஒன்றைப் பிரித்தேன். கருநீலத் துணி, வெள்ளைப் பட்டி. பட்டி கோணலாகப் போனதால் கழித்துக் கட்டிய பேண்ட்டுகள். தைக்காத கால் துண்டுகளும் இருந்தன. கையில் எடுத்துப் பார்த்தபடியே நின்றேன். சூப்பர்வைசர் திட்டினார்.

அம்மா முழுப் பேண்ட்டாகக் கொண்டுவந்திருக்க முடியாது. ஒரு நாளைக்கு ஒரு கால். புடவைக்குள் வயிற்றில் சுற்றிக்கொண்டு வந்திருப்பாள். எங்கேயோ மிஷினில் சேர்த்துத் தைத்திருப்பாள். நான் பார்த்தது இரண்டு பொட்டலம்தான், மிச்சத்தை எப்போது கொடுத்தாளோ. தானே எங்களிடம் கொடுத்திருந்தால், எங்கள் தெருவில் இருந்து அதே கம்பெனிக்குப் போகிற இரண்டு பேர் பார்த்ததும் கண்டுபிடித்திருப்பார்கள். அதனால்தான் மாஸ்டர், அதனால்தான் பள்ளிக்கூடத்தில் கொடுத்தது என்ற பேச்சு, அதனால்தான் பம்ப்பு ரூம்.

இரண்டு லைன் தள்ளி அம்மா குனிந்து தைத்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டோம். நான் கேட்கவில்லை. அதன் பிறகு நாலு வருஷம் அதே டிபன் பாக்ஸில் சாப்பிட்டோம். ஒரு நாளும் கேட்கவில்லை.

கருமாதி அன்று கால் பிடிக்கிறவள் வந்தாள். கல்யாணமாகி இடுப்பில் குழந்தை. என் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள்.

"உங்கம்மா உக்காந்துகினு இருந்த வரைக்கும் அந்த நிக்கரத் தவிர எங்க வாப்பா வேற ஒண்ணும் சொல்லலடி. அந்தம்மா கீதுல்ல, போவட்டும்னுவாரு. உங்கம்மா நின்னுச்சு, நானும் நின்னேன். எவளோ ஒரு பேமானி உங்கப்பாகிட்ட போட்டுக் குடுத்தாளாம்ல?"

யார் சொன்னது உனக்கு என்று கேட்டேன். தெருவுக்கே தெரியும் என்றாள்.

"யாருன்னு தெரிஞ்சுதா?"

"தெரியல," என்றேன். குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். அவள் என் முகத்தையே பார்த்தமாதிரி இருந்தது. தெரிந்துகொண்டே கேட்டாளா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

மறுநாள் காலை அப்பா லாரிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மா போனதில் இருந்து அவர் ஒரே இடத்தையே துடைக்கிறார்.

"அப்பா, அந்த கிரவுண்டு விஷயம். அன்னிக்கு அம்மா இன்னா சொல்லுச்சு?"

அவர் திரும்பவில்லை. "பேண்ட்டுன்னு சொன்னா. நான் நம்பல. கை நீட்டிட்டேன். அப்பறமா நம்புனேன்."

"யார் சொன்னதுன்னு கேட்டுச்சா?"

"கேக்கல."

"நீ சொன்னியா?"

"அவ கேட்டாதானம்மா நான் சொல்றதுக்கு," என்று துணியைப் பிழிந்தார்.

அப்பா சொல்வதை நான் நம்பவில்லை. என்னைக் காப்பாற்றச் சொல்கிறார் என்று தோன்றுகிறது. ஒருவேளை அவர் சொல்வது நிஜமாகவும் இருக்கலாம். அது இன்னும் பயமாக இருக்கிறது.

ஏனென்றால் கிரவுண்டுக்கு வருவது நின்ற பிறகும் தினமும் சாயங்காலம் என்னை விசாரிக்காமல் அம்மா விடவில்லை. இன்றைக்கு எத்தனை பேர் வந்தார்கள்? கேட் பூட்டியிருந்ததா? ஏன் அவள் வரவில்லை? ஆறு என்று சொன்னேன், பிறகு ஐந்து, பிறகு மூன்று. யாரும் வரவில்லை என்று சொன்ன அன்று, நீ மட்டுமாவது ரெண்டு ரவுண்டு ஓடிவிட்டு வா என்றாள். நான் போகவில்லை. ஏன் போகவில்லை என்று கேட்டாள். எல்லாவற்றையும் கேட்டாள். யார் சொன்னது என்று மட்டும் என்னிடம் ஒரு நாளும் கேட்கவில்லை.